சில்லு வீட்டுக்கு ஒரு இடம்

புலம்பெயர்ந்து வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் சொந்தமாக ஒரு வீடு இருந்தும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு செல்வரட்ணம் தன் பகல் பொழுதையெல்லாம் காருக்குள்தான் கழித்தார். காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டு முடித்ததும், தமிழ்க் கடை வாசலில் சும்மா எடுத்துவந்த பத்திரிகைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, டிரைவேயில் நின்ற பழைய காருக்குள் ஏறிக் கதவைச் சாத்துவார். பிறகு பாரிசில் இருக்கிற மச்சானுக்கு ரெலிபோன் எடுத்து, மத்தியானம்வரை நாட்டு நடப்பைப் பற்றிச் சண்டை பிடிப்பார். மறுமுனையில் ஒரு மச்சான் இருப்பது வீதியில் போகிறவர்களுக்குத் தெரியாதல்லவா? ஒருநாள் நாயோடு நடந்துபோன ஒரு பெண், காருக்குள் தனியே இருந்து கையை விசுக்கிக் கத்திக்கொண்டிருந்த மனிதரைக் கண்டு பயந்து பொலிசைக் கூப்பிட்டுவிட்டாள். வந்த பொலிஸ்காரன் கண்ணாடியைத் தட்டி, "சேர், உங்களுக்குப் போவதற்கு வீடு இருக்கிறதா?" என்று மிகவும் அன்பாகக் கேட்டான். செல்வரட்ணம் விரலை நீட்டி முன்னாலிருந்த வீட்டைக் காட்டினார். பொலிஸ்காரன் வீட்டையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் போய்விட்டான். அவனும் கலியாணம் முடித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

பிழை வீட்டில்தான் இருந்தது. மகன் மாக்கஸ் மேலே ஓர் அறையில் கொம்பியூட்டரோடு இருந்தான். மருமகள் ஸ்டெபனி பக்கத்து அறையில் இன்னொரு கொம்பியூட்டரோடு இருந்தாள். இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. விடிந்தால் பொழுதுபட்டால் மீற்றிங். கீழே பேஸ்மென்ரில் வாடகைக்கு இருந்த பெடியன் இரவு வேலைக்குப் போய்வந்து பகலில் நித்திரை கொள்கிறவன். ஆகவே மேலேயும் சத்தம் போகக்கூடாது, கீழேயும் சத்தம் போகக்கூடாது. நடுவில் செல்வரட்ணம். கார்ச் சாமான் செய்கிற பக்டரியில், மெசின் இரைச்சலுக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவருடையது. மெதுவாகக் கதைக்கச் சொன்னால் அவருக்குச் சொல்லவந்த விசயமே மறந்துபோய்விடும். குசினியில் நின்று "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டால், அடுத்த கணமே படிக்கட்டில் மாக்கஸின் தலை தெரியும்.

"அப்பா, ப்ளீஸ்! ஐ ஆம் ஆன் அ கோல்."

"நான் என்னடா செய்தனான்? தேத்தண்ணிதானே கேட்டனான்."

"நீங்கள் கேட்டது எங்கட மனேஜருக்கும் கேட்டிட்டுது. அவருக்கு இப்ப தேத்தண்ணி எண்டால் என்னெண்டு தெரியும்."

தான் வாங்கிய வீட்டிலேயே தன்னை உஷ் சொல்லி அடக்குகிறார்கள் என்பது செல்வரட்ணத்துக்குத் தாங்க முடியாத மனக்குறை. யாரும் உஷ் சொல்லாத ஓர் இடம், ஒரு கதிரை போடுகிற அளவாக இருந்தாலும் போதும், அதற்குள் அவர் தன் குரலோடு சுதந்திரமாக இருக்க வேண்டும். இந்த வயதில் அவர் மாதாவிடம் கேட்ட ஒரே வரம் அதுதான்.

வரம் றொபேட்டின் உருவத்தில் வந்தது. றொபேட் பக்கத்து நகரமான பிறம்ரனிலிருந்து பெரிய லொறி ஓடுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசைக்குச் செல்வரட்ணம் போகிற மாதா கோயிலுக்கே வருகிறவன். பூசை முடிந்து வெளியில் நின்றபோது, "அண்ணை, உங்களுக்கு ஒரு சின்ன வீடு பாத்து வைச்சிருக்கிறன்" என்று அவன் தொடங்கியதும் செல்வரட்ணம் பதறிப்போய்ப் பின்னால் பார்த்தார். நல்ல வேளை, மனைவி வேரோனிக்கா மாதா சுருவத்தின் காலடியில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நின்றாள்.

"மெல்லக் கதை, மனுசி நிக்கிறா" என்றார், வாழ்க்கையில் முதல் தடவையாக மெல்ல.

"ஐயோ, அதில்லை அண்ணை. சில்லுப் பூட்டின வீடு. ட்ரக்கில கொழுவி இழுத்துக்கொண்டு வந்து வளவுக்குள்ள விடலாம். ஒரு அறை, காலை நீட்டி இருக்க ஒரு வாங்கு, நாலு யன்னல். எங்கட லொறி யாட்டுக்குப் பக்கத்தில ஒருத்தன் விக்கிறான்."

அன்றிலிருந்து அந்தப் பொல்லாத பெயரை விட்டு, எல்லோரும் அதைச் சில்லு வீடு என்றே சொன்னார்கள். செல்வரட்ணம் பிறம்ரனுக்குப் போய் அதைப் பார்த்தார். உள்ளே ஏறி, கதவைச் சாத்திவிட்டு, அடிவயிற்றிலிருந்து "ஓய்!" என்று ஒரு சத்தம் போட்டார். ஒருவரும் உஷ் சொல்லவில்லை. வெளியில் நின்ற விற்கிறவன் மட்டும் ஓரடி பின்னுக்குப் போனான். செல்வரட்ணம் அங்கேயே கைகொடுத்து முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வேரோனிக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உதுக்குள்ள ஆர் இருக்கப்போறது?"

"நான்தான்."

"படுக்கிறது?"

"அது இஞ்சதான்."

"சாப்பாடு?"

"அதுக்கும் இஞ்ச வருவன்."

"கக்கூசு?"

"அதுக்கும் இஞ்சதானப்பா."

"அப்ப அங்க என்னத்துக்குப் போறியள்?"

"கதைக்க."

"ஆரோட?"

செல்வரட்ணம் ரெலிபோனைத் தூக்கிக் காட்டினார். வேரோனிக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அவள் எப்போதும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுகிறவள். அன்றைக்கு ஆறு கேட்டதே பெரிய விசயம்.

நகரசபைக்கும் அவர் ரெலிபோன் எடுத்தார். பேசிய பெண் பொறுமைசாலி. சில்லு இருப்பதால் அதை வீடென்று சொல்ல முடியாது, வீடில்லாததற்குள் குடியிருக்கவும் முடியாது என்று நிதானமாக விளங்கப்படுத்தினாள். "நான் குடியிருக்க மாட்டேன், உள்ளே இருந்து சண்டை பிடிக்க மட்டும்தான்" என்று செல்வரட்ணம் தன்னுடைய ஆங்கிலத்தில் சொன்னார். "யாரோடு?" என்று அவள் பதறினாள். ரெலிபோனில்தான் சண்டை என்று அவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்ட பிறகு அந்தப் பெண்ணுக்கு மூச்சு வந்தது. வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, நல்வாழ்த்தும் சொல்லி வைத்தாள்.

பிறகு நிலம் திருத்துகிற வேலை தொடங்கியது. நிலத்துக்கடியில் என்னென்ன ஓடுகிறது என்று அடையாளம் போடுகிறவர்கள் வந்து, காஸுக்கு மஞ்சள், கரண்டுக்குச் சிவப்பு, தண்ணிக்கு நீலம் என்று பின்வளவுப் புல்லில் கோடு கீறிவிட்டுப் போனார்கள். கோடு படாத இடமென்று மிஞ்சியது வேரோனிக்காவின் கத்தரிப் பாத்தி ஒன்றுதான். கடைசிக் கத்தரிக்காய் பிடுங்கும்வரை பொறுத்திருந்து, செப்ரெம்பர் முடிவில் செல்வரட்ணம் மண்வெட்டியைத் தூக்கினார். மேல்மண்ணை அள்ளி, துணி விரித்து, அதன்மேல் நொறுக்கிய கல்லைக் கொட்டிப் பரப்பினார். நிலத்தை அடித்து இறுக்குகிற மெசினை வாடகைக்கு எடுத்துவந்தபோது, மெசின் அவரைப் பிடித்துக்கொண்டு வளவு முழுக்க ஓடியது. அது போட்ட சத்தத்தில் மாக்கஸ் இரண்டு மீற்றிங்கை ஒத்திவைத்தான். மெசினுக்கு ஒருவரும் உஷ் சொல்லவில்லை என்பதைச் செல்வரட்ணம் கவனித்தார். கரண்டுக்காரர் வந்து சுவரோரமாக ஒரு பிளக் வைத்தார். மட்டம் பார்க்கிற கட்டையோடு செல்வரட்ணம் முழங்காலில் நின்று தளம் முழுவதையும் தடவித் தடவிச் சரிபார்த்தார். கோயிலில்கூட அவ்வளவு நேரம் அவர் முழங்காலில் நின்றதில்லை.

எல்லாம் முடிந்த பிறகுதான் றொபேட் அளவு நாடாவோடு வந்து வழியைப் பார்த்தான். பின்வளவில் இடம் இருந்தது, வீட்டுக்கும் வேலிக்கும் இடையிலும் மட்டுமட்டாக இடம் இருந்தது. ஆனால் வீதியிலிருந்து வண்டியை வளைத்துப் பின்னுக்கு எடுக்க வேண்டிய மூலையில் மாதா நின்றா.

வீடு திருத்தியபோது கழற்றிய பழைய குளியல் தொட்டியை நிமிர்த்திப் பாதி புதைத்து, உள்ளே நீலம் பூசி, அதற்குள் சுருவத்தை வைத்து வேரோனிக்கா குகைபோல உண்டாக்கிய கெபி அது. அந்தச் சுருவத்தை அவள் மன்னாரிலிருந்து விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவள்.

"மாதாவை அசைக்கிறதெண்டால் மரியாதையா அசைக்க வேணும்" என்றாள் வேரோனிக்கா. "சாமான் தூக்கிற மாதிரித் தூக்கக் கூடாது."

ஆகவே சனிக்கிழமை கோயில் ஆண்கள் எல்லோரும் உதவிக்கு வந்தார்கள். நம்மவர்கள் உதவி செய்கிற விதம் தெரிந்ததுதானே! ஒருவர் மண்வெட்டி பிடித்தார். மற்ற எல்லோரும் அவர் எப்படிப் பிடிக்க வேண்டுமென்று சொன்னார்கள். வேரோனிக்கா கட்லட்டும் தேத்தண்ணியும் கொடுத்து முடியவில்லை. சுருவத்தைத் தூக்குகிற கட்டம் வந்தபோது சும்மா தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் மாதா பாட்டைத் தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், செல்வரட்ணம் சுருவத்தை ஏந்தி முன்னால் நடந்தார். வீட்டைச் சுற்றி ஒரு சுற்றுப்பிரகாரமே போனது. யன்னலில் நின்று பார்த்த ஸ்டெபனி, "மாமா, டு வி ஹாவ் அ ஃபீஸ்ற் டுடே?" என்று கேட்டாள். மாதாவை இறக்கி வைக்கச் சுத்தமான, ஆடாத, மட்டமான இடம் தேடினார்கள். அந்த வளவிலே அப்படிப்பட்ட இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செல்வரட்ணம் தானே திருத்திய கல் தளத்தின் நட்டநடுவில், தன்னுடைய கையாலேயே, மாதாவை இறக்கி வைத்தார்.

அது ஒக்ரோபர், செபமாலை மாதம். அன்று பின்னேரம் செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் வந்தார்கள். சேறு இல்லை, புல்லு ஈரம் இல்லை, கதிரை சாயவில்லை. எல்லோருக்கும் இடம் மிகவும் பிடித்துப்போனது. அடுத்த நாள் இன்னும் கூடுதலாக வந்தார்கள். ரூஜ் என்ற இடத்திலிருந்து வந்த ஒரு அன்ரி, "மாதா தானே தேடி எடுத்த இடம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டா. அது போதும். பூச்சாடிகள் வந்தன, கண்ணாடிக் கூட்டுக்குள் மெழுகுதிரி வந்தது, கரண்டுக்காரர் வைத்த பிளக்கில் சின்னச் சின்ன நீல வெளிச்சங்கள் எரிந்தன. மற்றப் பெண்கள் போன பிறகும் வேரோனிக்கா அங்கேயே ஒரு கதிரையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். செல்வரட்ணம் யன்னலால் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தார். சில்லு வீடு அடுத்த சனிக்கிழமை வருகிறது. அதை எங்கே விடுவது?

ஓடிப்போய்ப் பாதரிடம் முறையிட்டார்.

"மாதாவைத் திருப்பிப் பழைய இடத்தில வைக்கலாம், ஒரு பிழையும் இல்லை" என்றார் பாதர்.

"அப்ப நீங்களே அவையளிட்டச் சொல்லுங்கோ பாதர்."

"நான் சொல்லமாட்டன். நத்தாருக்குக் குடில் கட்ட எனக்கு அவையின்ர உதவி வேணும்."

வேறு வழியில்லாமல் செல்வரட்ணம் மனைவியிடமே போனார். கத்துவதற்கு ஆயத்தமாகத் தொண்டையையும் செருமிக்கொண்டார். வேரோனிக்கா முழுவதையும் கேட்டாள்.

"சில்லு வீட்டுக்குள்ள சத்தம் கேக்குமோ? எங்கட வீட்டுச் சத்தம்?"

"ஒரு துளி கேக்காது. நான் பாத்தனான்."

"சரி, நான் அவையோட கதைக்கிறன். வண்டி வந்த பிறகு மாதா முன்னுக்கே போகட்டும்."

இவ்வளவு சுலபமாக வேரோனிக்கா எதற்கும் சம்மதித்ததில்லை. சந்தேகப்பட வேண்டிய மனிதர் சந்தோசப்பட்டார்.

சனிக்கிழமை றொபேட் சில்லு வீட்டை இழுத்துக்கொண்டு வந்தான். வாழ்க்கை முழுக்க லொறியைப் பின்னுக்கு எடுத்தவன் அவன். தனியே விட்டிருந்தால் ஒரே வெட்டில் உள்ளே போயிருப்பான். ஆனால் கோயில் ஆண்கள் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"வரட்டும், வரட்டும்!"

"இடப்பக்கம் வெட்டு!"

"ஆற்ற இடப்பக்கம்? உன்ரயோ, அவன்ரயோ?"

"நில்லு! நில்லு! இல்லை, வா!"

எல்லோரையும்விடச் செல்வரட்ணத்தின் குரல்தான் மேலே கேட்டது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் றொபேட் பிரேக்கை விட்டான் என்று பிறகு சொன்னார்கள். வீட்டுக் கூரையோரத்து மழைநீர்ப் பீலியில் ஒரு துண்டு சடாரென்று கழன்று விழுந்தது. சில்லு வீட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. மாதாவைப் பாட்டோடு முன்னுக்குக் கொண்டுபோனார்கள். சில்லு வீடு கல் தளத்தில் ஏறி, ஒரு பக்கமும் சரியாமல் நின்றது. செல்வரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பாதர் சில்லு வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். வீடு மந்திரிக்கிற செபம் ஒன்று, வாகனம் மந்திரிக்கிற செபம் வேறொன்று, இதற்கு எது? கடைசியில் இரண்டையுமே சொன்னார். இந்த வீட்டில் சமாதானம் நிலவட்டும் என்று உள்ளே தீர்த்தம் தெளித்தார். விபத்து ஏதும் நேராமல் போய்ச் சேரட்டும் என்று சில்லுகளுக்குத் தெளித்தார். இரண்டாவதுக்கு றொபேட்தான் எல்லோரையும்விடப் பெரிதாக ஆமென் சொன்னான். எல்லோரும் கேக் சாப்பிட்டுப் போன பிறகு, "கதவுத் திறப்பைத் தாங்கோ, கூட்டித் துடைச்சு விடுறன்" என்று வேரோனிக்கா கேட்டாள். செல்வரட்ணம் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை, பத்திரிகைகள், ரெலிபோன், ஒரு சின்ன ரேடியோ எல்லாவற்றையும் கட்டிப் பிடித்துக்கொண்டு செல்வரட்ணம் பின்வளவுக்குப் போனார். கதவு உள்ளால் பூட்டியிருந்தது. யன்னலால் எட்டிப் பார்த்தார். வாங்கில் காலை நீட்டி, சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வேரோனிக்கா இருந்தாள். செபம்கூடச் சொல்லவில்லை.

"இஞ்சரும்! கதவைத் திறவும்!"

"என்ன வேணும்?"

"என்ன வேணுமோ? இது என்ர வீடெல்லோ!"

"அதுதான் உங்கட வீடு" என்று அவள் கண்ணைத் திறக்காமலே பெரிய வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். "அடுப்பில சோறு இருக்கு, பாத்து இறக்குங்கோ. ஸ்டெபனிக்கு மீற்றிங் முடிய ஒரு தேத்தண்ணி குடுங்கோ."

"நீர் எப்ப வருவீர்?"

"வருவன்."

செல்வரட்ணம் கொதித்துக்கொண்டு குசினிக்குப் போனார். சோற்றுப் பானை மூடியைப் படாரென்று போட நினைத்துத் தூக்கினார். மூடியின் விளிம்பைச் சுற்றித் துணி தைத்திருந்தது. போட்டாலும் சத்தம் வரவில்லை. கதிரையை இழுத்தார். அதுவும் சத்தமில்லாமல் வந்தது. குனிந்து பார்த்தால், நான்கு கால்களுக்கும் அவருடைய பழைய சொக்ஸை வெட்டிப் போட்டிருந்தது. சுவர் மணிக்கூட்டின் மணி அடிக்கிற பக்கத்துக்குள் பஞ்சு. கரண்டிகள் கிடக்கிற லாச்சிக்குள் ஒரு பழைய கம்பளிச் சால்வை. கதவு மணி அடித்தபோது ஓடிப்போய்த் திறந்து பார்சலை வாங்கினார், ரெலிபோன் அடித்தபோது பாய்ந்துபோய் எடுத்து ரூஜ் அன்ரிக்கு இரகசியக் குரலில் மறுமொழி சொன்னார், உடுப்புக் காய்கிற மெசின் கூவ முதல் நிறுத்தினார். இதற்கிடையில் சோறு அடிப்பிடித்துவிட்டது. மேலே இரண்டு பேருக்கும் அன்று ஒரு சத்தமும் கேட்கவில்லை. செல்வரட்ணத்துக்கு முதுகு வியர்த்துப்போயிருந்தது. இவ்வளவையும் அவள் எப்போது செய்தாள், தான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தார். காருக்குள் இருந்திருக்கிறார்.

தேத்தண்ணியோடு பின்வளவுக்குப் போய்ச் சில்லு வீட்டின் கதவை ஒரு விரலால் தட்டினார். வேரோனிக்கா திறந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"சோறு பிடிச்சுப்போச்சு" என்றார்.

"மணத்தது."

"வேரோனிக்கா, உமக்கும் ஒரு இடம் வேணுமெண்டு நீர் சொல்லவே இல்லையே."

"நீங்கள் காருக்குப் போயிடுவியள். நான் எங்க போறனான் எண்டு நீங்கள் கேக்கவே இல்லையே."

"எங்க போனனீர்?"

"உடுப்பு அலுமாரிக்குள்ள. கதவைச் சாத்திப்போட்டு, உங்கட குளிர்க் கோட்டுக்குப் பக்கத்தில கொஞ்ச நேரம் நிப்பன். பிறகு வந்து சமைப்பன்."

செல்வரட்ணத்துக்கு வெட்கமாக இருந்தது. தளத்துக்கு மட்டம் பார்த்தார், தண்ணி வடிகிற சரிவு பார்த்தார், வேலிக்கு இடைவெளி பார்த்தார். அந்தக் கல்லெல்லாம் இவளுடைய கத்தரிப் பாத்திக்கு மேலேதான் கொட்டியது என்பது இப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார்.

"எங்க போறியள்?"

"காருக்கு."

"வாங்கோ, வந்து இருங்கோ. ஆனா கதைக்கக் கூடாது."

அவர் ஏறி வாங்கின் மற்ற முனையில் அமர்ந்தார். வேரோனிக்கா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மீண்டும் கண்ணை மூடிக்கொண்டாள். அலுமாரிக்குள் எவ்வளவு காலமாக நின்றாள், அங்கே நின்று என்ன யோசித்தாள், கால் நோகவில்லையா என்றெல்லாம் அவளிடம் கேட்க வேண்டும்போல் இருந்தது செல்வரட்ணத்துக்கு. இத்தனை வருசக் கலியாணத்தில், அவள் சொல்வதைக் கேட்பதற்காக அவர் வாயைத் திறக்க நினைத்தது அதுதான் முதல் தடவை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவள் கண் திறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.